படகில் ஏற ஆறு வாரம் காக்க வைத்தது நாங்கள்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் தன்னார்வப் படகுப் பயிற்சிச் சங்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எங்களை மாதிரி ஆட்களின் நினைவு உங்கள் இதழுக்கு வந்ததே என்று சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது, அதனால்தான் சங்கங்களில் ஆள் சேரவில்லை என்று மூன்றாவது பத்தியில் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் உங்கள் கட்டுரையாளர். எந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு எழுதினார்? கட்டுரையில் பேசியிருக்கும் நாலு பேருமே அறுபதைத் தாண்டியவர்கள். அந்த வரியை என்னால் விழுங்க முடியவில்லை.

நான் 19 வருடமாக இப்படி ஒரு சங்கத்தில் சம்பளம் இல்லாமல் பாடம் எடுக்கிறேன். சேரும்போது எனக்கு வயது 31, அன்றைக்கு நான்தான் அங்கே சின்னவள். இப்போது ஐம்பது. இன்னும் வயதில் என்னைவிடக் குறைந்தவர்கள் இரண்டே பேர். இடையில் யாரும் வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், வந்தார்கள். வந்தவர்களை நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் கதை.

ஒரு பெண், 22 வயதிருக்கும், வகுப்பின் முதல் நாள் வந்தாள். அன்றைக்குப் பார்த்து சங்கத்தின் மாதக் கூட்டத்தையும் சேர்த்தே வைத்திருந்தார்கள். போன கூட்டத்தின் அறிக்கை, வரவு செலவு, யார் யாருக்கு நன்றி என்று ஒன்றரை மணி நேரம் ஓடியது. கடைசியில் எழுந்து, தண்ணீருக்கு எப்போது போவோம் என்று கேட்டாள். ஆறாவது வாரம் என்றார் செயலாளர். அடுத்த வாரம் அவள் வரவில்லை. பார்த்தீர்களா, பொறுமை இல்லை என்று எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான் ஆட்டினேன். அதே பெண்ணை ஒரு வருடம் கழித்து ஏரியில் பார்த்தேன். கயாக் என்கிற ஒல்லியான சின்னப் படகில் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள், லைஃப் ஜாக்கெட் காலடியில் கிடந்தது. அதைக் கட்டச் சொல்லித்தரத்தான் எங்கள் சங்கமே இருக்கிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

எங்கள் உறுப்பினர் படிவத்தைப் பாருங்கள். பெயருக்கு அடுத்த கேள்வியே உங்கள் படகின் நீளம் என்ன, என்ஜின் என்ன என்பது. இருபது வயதில் யாரிடம் சொந்தப் படகு இருக்கும்? அவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள், நண்பன் படகில் போவார்கள், காற்றடித்த பலகையில் நின்றபடி துடுப்புப் போடுவார்கள். அந்தப் பலகைக்கு ஒரு கயிறு உண்டு, அதை உடம்போடு கட்டிக்கொள்ளாவிட்டால் விழுந்த நொடியில் காற்று பலகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும், நீந்திப் பிடிக்க முடியாது. ஓடுகிற ஆற்றிலோ அதே கயிறு கிளையில் சிக்கி ஆளை உள்ளே இழுக்கும், அதனால் அங்கே ஒரு இழுப்பில் கழன்றுவிடுகிற மாதிரி இடுப்பில் கட்ட வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தில் உயிர் இருக்கிறது. எங்கள் பாடநூலில் இதைப் பற்றி ஒரு பக்கம்கூடக் கிடையாது, என்ஜின் எண்ணெய் மாற்றுவதற்கு மட்டும் பதினாலு பக்கம். வகுப்பு நேரமோ புதன்கிழமை காலை பத்து மணி. வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரிக்குப் போகிறவர்களும் எப்படி வருவார்கள் என்று கேட்டேன். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது என்றார்கள்.

அப்புறம் கைபேசி. வகுப்பில் ஒரு பையன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எல்லோர் முன்னாலும் ஒரு மூத்த பயிற்றுநர் அவனைத் திட்டினார். அவன் பார்த்துக்கொண்டிருந்தது அன்றைய ஓத அட்டவணை, கடல்நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்ற கணக்கு. திரையில் கடல் வரைபடம் பார்க்கிற பிள்ளைக்கு, பேட்டரி தீர்ந்தால் காகித வரைபடமும் திசைகாட்டியும்தான் மிச்சம் என்பதைப் பத்து நிமிடத்தில் புரிய வைக்கலாம். திரையை அணைத்துவிட்டு, இப்போது நீ எங்கே இருக்கிறாய் காட்டு என்றால் போதும், அவனே கற்றுக்கொள்வான். திட்டினால் எழுந்துதான் போவான், போனான்.

சின்ன வயதில் தண்ணீருக்கு வரமாட்டார்கள் என்பதும் பொய். ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் பாய்மரப் படகு உங்களுக்குத் தெரிந்ததுதான், 1947இல் கிளார்க் மில்ஸ் குழந்தைகளுக்காக வடிவமைத்தது, எட்டடிக்கும் குறைவு, ஒரு குழந்தை தனியாக ஓட்டலாம். உலகம் முழுக்க லட்சக்கணக்கான குழந்தைகள் அதில்தான் கடலைத் தொட்டார்கள். அந்தப் போட்டிகளுக்கு 15 வயதுவரைதான் இடம். பதினாறு வயதில் அந்தப் பிள்ளை எங்கே போகும்? அந்த இடத்தில் எங்கள் சங்கம் நின்றிருக்க வேண்டும். நாங்கள் அறுபது வயதுக்காரர் ஓய்வுபெற்றுப் படகு வாங்கட்டும் என்று வாசலில் காத்திருக்கிறோம்.

ஒரே ஒரு வருடம் மாற்றிப் பார்த்தோம். முதல் நாளே இடுப்பளவுத் தண்ணீரில் படகைக் கவிழ்க்க வைத்தோம். விழு, முதலில் மூச்சைச் சமாளி, படகைவிட்டு நீந்தாதே, அதைப் பிடித்துக்கொண்டே நிமிர்த்து. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது என்பதை எத்தனை படம் போட்டுச் சொன்னாலும் ஏறாது, ஒரு தடவை விழுந்தால் ஏறிவிடும். எதிரும் புதிருமாக இரண்டு என்ஜின் படகு வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்ற விதியையும் கரையில் உட்காராமல் தண்ணீரிலேயே சொன்னோம். பதினோரு பேர் வந்தார்கள், எல்லோரும் முப்பதுக்குக் கீழே, ஒன்பது பேர் கடைசிவரை இருந்தார்கள். அடுத்த வருடம் பழையபடி மாற்றிவிட்டார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவருக்குக்கூட நிர்வாகக் குழுவில் இடம் தரவில்லை, நாற்காலி அடுக்கும் வேலை மட்டும் தந்தோம். எத்தனை நாள் அடுக்குவார்கள்?

சரி, இது எங்கள் வீட்டுக் குறை. உங்கள் இதழிடமும் எனக்கு வருத்தம் உண்டு, மரியாதையோடு சொல்கிறேன். எங்காவது படகு கவிழ்ந்தால் அன்றைக்கு மட்டும் உங்கள் நிருபர் எனக்குத் தொலைபேசியில் பேசுவார், கருத்துக் கேட்பார், படம் இருக்கிறதா என்று கேட்பார். வகுப்பு நடக்கிறது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று மூன்று வருடம் மூன்று தடவை அறிவிப்பு அனுப்பினேன், ஒன்றுகூட வரவில்லை. ஆனால் கோடைச் சிறப்பிதழ் அட்டையில் படகு முனையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஐந்து இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. படகு சட்டென்று வேகம் குறைந்தால் முனையில் இருப்பவர் முன்னால் விழுவார், படகு அவர் மேலேயே ஏறும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கையை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். 2023 கணக்கில் இறப்புக்குக் காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பேர் மூழ்கித்தான் இறந்தார்கள், மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. அந்த அட்டைப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் பொறுமைக் குறைச்சல் என்று நான் எழுதலாமா?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது வகுப்பைப் பாதியில் விட்டுப்போன இரண்டு பேரையாவது தேடிப் பிடித்துப் பேசுங்கள். நிர்வாகக் குழுவில் இந்தத் தடவை நான் சண்டை போட்டு வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறேன், முதல் நாளே தண்ணீரில் இறங்குகிறோம், சொந்தப் படகு தேவையில்லை. இந்த விவரத்தை வானிலைப் பெட்டிக்குக் கீழே இரண்டு வரி போடுங்கள். அறிவிப்பை நான்காவது தடவையாக இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி