நாவல் தாளுக்குக் கேள்வி எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் தமிழ்ப் பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கும், செமஸ்டர் தோறும் நாவல் தாளுக்கு வினா எடுத்து விடைக்குறிப்பு எழுதும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நானும் நாவல் பாடம் நடத்துகிறவன்தான். உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது. நாவலைத் திறந்துகூடப் பார்க்காமல் பதில் எழுத முடிகிற கேள்விகளைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

'கதைக்கருவை விளக்குக', 'தலைமைப் பாத்திரத்தின் பண்புகளைத் தொகுத்து எழுதுக', 'இந்நாவலில் இடம்பெறும் குறியீடு யாது?' நாவல் எதுவானாலும் பெயர் மட்டும் மாறி இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி இப்படித்தான் வரும் என்று தெரிந்த பிறகு அவர்கள் எதற்காக முழு நாவலையும் படிக்க வேண்டும்? தேர்வுக்கு முதல் நாள் வாட்ஸ்அப்பில் வந்து சேரும் நோட்ஸ் போதும். அதை அப்படியே இறக்கி வைத்தால் மார்க் விழுகிறது. உண்மையில் அடிபடுவது யார் என்றால், நாவலைப் படித்துவிட்டுத் தனக்குத் தோன்றியதை எழுதும் மாணவிதான். அவள் எழுதியது விடைக்குறிப்பில் இருக்காது. அப்புறம் அவள் ஏன் அடுத்த நாவலைப் படிப்பாள்?

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல் வந்தது. எத்தனையோ பாடத்திட்டங்களில் இடம்பெற்றுவிட்டது. 'புளியமரம் இயற்கையின் குறியீடு' என்றோ 'அழிந்துபோகும் பழமையின் குறியீடு' என்றோ ஒரு வரி எழுதினால் விடை முடிந்தது. ஆனால் நாவலுக்குள் போய்ப் பாருங்கள். மரம் முதலில் ஒரு குளத்தின் நடுவே நிற்கிறது. மகாராஜா அந்த வழியாக வருகிறார் என்பதற்காக, நாற்றமெடுத்த அந்தக் குளம் தூர்க்கப்படுகிறது. அதற்குப் பிறகுதான் அது நாற்சந்தி மரமாகிறது, கடைகள் வருகின்றன. தாமோதர ஆசான் சொல்லும் பழங்கதைகளில் அது செல்லத்தாயி என்ற பெண்ணின் சாவோடு பிணைந்த மரம். கதைசொல்லி வளர்ந்து ஆளாகும் காலத்தில் அதுவே வியாபாரப் போட்டிக்கும் நகராட்சி அரசியலுக்கும் பத்திரிகைச் சண்டைக்கும் நடுவில் நிற்கிறது. வெட்ட வேண்டும் என்று ஒரு தரப்பு, காப்பாற்ற வேண்டும் என்று இன்னொரு தரப்பு. காப்பாற்றுவதற்காக அதைத் தெய்வமாக்குகிறார்கள். கடைசியில் விஷம் வைத்துக் கொல்லப்படுகிறது. இத்தனைக்கும் அந்த மரம் யாருக்கும் எதையும் செய்யவில்லை. செய்வதெல்லாம் மனிதர்கள்தான்.

இப்படி ஆளுக்கொரு அர்த்தத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு நிற்கும் மரத்துக்கு ஒற்றை அர்த்தம் எழுதச் சொல்வது எனக்கு அநியாயமாகத் தெரிகிறது. ஒவ்வொரு காலத்திலும் அந்த மரத்துக்கு யார், எதற்காக, என்ன அர்த்தம் கொடுத்தார்கள் என்பதுதான் நாவலே. அதே நாவலில் காற்றாடி மரத் தோப்பு ஒன்றும் அழிக்கப்படுகிறது, அந்த இடத்தில் பூங்கா அமைக்க. குளம் ராஜா காலத்தில் போகிறது, தோப்பு சுதந்திரத்துக்குப் பிறகு போகிறது. இந்த இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'முடிவெடுப்பது யார், இழப்பது யார், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?' என்று கேட்டுப் பாருங்கள். கதை நடக்கும் நாகர்கோவில் முன்பு திருவிதாங்கூரில் இருந்து, 1956 நவம்பர் 1-ல்தான் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது என்ற வரலாறுகூட அந்தக் கேள்வியில் தானாக உள்ளே வந்துவிடும். எந்த நோட்ஸிலும் அதற்கு விடை கிடைக்காது.

பாத்திரப் படைப்புக் கேள்விகள் இதைவிட மோசம். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' வைக்கப்படும் இடங்களில் அலங்காரத்தம்மாளைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். 'ஒழுக்கம் தவறிய தாய்', 'பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேடுபவள்' என்று இரண்டு தலைப்பு போட்டு, கீழே கதைச் சுருக்கம். ஒரு மனுஷியை விசாரித்துத் தீர்ப்பு எழுதுவதா பாத்திர ஆய்வு?

கொஞ்சம் நிதானமாகப் படித்தால் தெரியும், அலங்காரத்தம்மாளின் மனதுக்குள் நாம் அநேகமாக நுழைவதே இல்லை. காவிரிக் கரைப் பாடசாலையில் வேதம் படித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வரும் மகன் அப்புவின் கண் வழியாகவும், எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருக்கும் கணவர் தண்டபாணியின் நினைவு வழியாகவும்தான் அவளைப் பார்க்கிறோம். சிவசுவோடு அவளுக்கு உள்ள உறவைப் பற்றி நமக்குத் தெரிவதும் அவர்கள் வழியாகத்தான். அப்படியானால் நாம் பார்ப்பது அவளையா, அவளைப் பார்க்கிறவர்களின் தவிப்பையா? தண்டபாணியின் மௌனம் பெருந்தன்மையா, கோழைத்தனமா, இல்லை வேறு ஏதாவதா? அம்மாவை மனதுக்குள் நிறுத்தி விசாரிக்கும் அப்பு, அவனை விரும்பும் இளம் விதவை இந்துவின் முன்னால் என்ன ஆகிறான்? தன் பாவம் கரைய வேண்டும் என்று மகனை வேதம் படிக்க அனுப்பியவள் கடைசியில் காசிக்குக் கிளம்புகிறாளே, அந்த முடிவை அவள் எடுக்கும் நேரம் ஏன் அதுவாக இருக்கிறது? வகுப்பில் இதைப் பேச ஆரம்பித்தால் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்து போக மாட்டார்கள். தேர்வு என்று வந்ததும் அவ்வளவும் 'ஒழுக்கம் தவறிய தாய்' என்ற தலைப்புக்குள் சுருங்கிவிடுகிறது. அதைத் திருத்தி டிக் போடும்போது மனம் வலிக்கிறது.

ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-ல் வெளியான நாவல். கொங்கு வட்டாரப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்த முன்னோடி என்று எல்லோரும் எழுதுகிறார்கள், சரி. அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நாகம்மாள் இளம் விதவை. கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு இருந்துகொண்டே நிலத்தில் பங்கு கேட்கிறாள். அந்தக் கோரிக்கை ஊர்ச் சண்டியன் கெட்டியப்பன் கையால் சின்னப்பன் சாவதில் போய் முடிகிறது. விடைத்தாளில் அவள் 'பேராசைக்காரி', 'அடங்காதவள்'.

அவள் கேட்டதற்குச் சட்டத்தில் இடம் இருந்ததா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் அல்லவா? 1937-ல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் வருவதால் இந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அந்த உரிமையை விவசாய நிலத்துக்கும் நீட்டித்துச் சட்டம் போட்டது 1947-ல். நாவல் வந்த 1942 இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. கூட்டுக் குடும்பத்து விதவைக்குச் சோறும் துணியும் உண்டு, காடு, அதாவது விவசாய நிலம், கிடையாது. ஆசிரியர் இந்தச் சட்டத்தை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு படிக்கும் மாணவனுக்கு நாகம்மாளின் ஆத்திரம் அவளுடைய சுபாவமாக மட்டும் தெரியாது. ஊரில் இருக்கிறவர்கள் தங்கள் பழைய பகைக்கு அவளுடைய கோரிக்கையை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

'ஆளுக்கொரு விளக்கம் எழுதினால் எப்படி மார்க் போடுவது?' என்று கேட்பீர்கள். மதிப்பீட்டு முகாமில் கட்டுக்கட்டாகத் தாள் வந்து குவியும்போது நின்று யோசிக்க நேரமில்லை என்பதும் எனக்குத் தெரியும். அது நியாயமான கவலைதான். ஆனால் செய்யுளுக்கு இதற்கு வழி ஏற்கெனவே வைத்திருக்கிறோம். 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று கேட்கிறோமே, அதை நாவலுக்கும் கேளுங்கள். நாவலிலிருந்து அரைப் பக்கம் வினாத்தாளிலேயே அச்சிடுங்கள். இதைச் சொல்வது யார், இதற்கு முன் என்ன நடந்தது, இந்த வார்த்தைகளில் அவர் மறைப்பது என்ன, பின்னால் வரும் எந்த நிகழ்ச்சியோடு இது சேர்கிறது என்று கேளுங்கள். படித்தவன் எழுதுவான். படிக்காதவன் எழுத முடியாது. திருத்துகிறவருக்கும் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்று பெருமையாகச் சொல்கிறோம். பரிமேலழகர் ஒரு மாதிரியும் மணக்குடவர் வேறு மாதிரியும் பொருள் கொண்ட குறள்களை வகுப்பில் ஒப்பிட்டுக் காட்டுகிறோம். இரண்டு உரையும் ஏன் நிற்கின்றன? இரண்டு பேருமே சொல்லை எடுத்துக் காட்டி வாதிடுகிறார்கள். அந்த மரபில் வந்த நாம் நாவலுக்கு மட்டும் ஒரே விடைதான் உண்டு என்று எப்படி முடிவு கட்டினோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே தாளில் நாவல், சிறுகதை, நாடகம், உரைநடை வரலாறு என்று எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். ஒரு செமஸ்டருக்கு ஒரு நாவல் போதும். அதை வகுப்பிலேயே வாசிக்க நேரம் கொடுங்கள். கல்லூரி நூலகத்தில் அந்த நாவல் எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு அப்புறம் பாடத்தில் வையுங்கள். கிடைக்காத புத்தகத்தைப் பாடமாக வைத்தால் பிள்ளைகள் நோட்ஸைத்தான் தேடிப் போவார்கள்.

பாடத்திட்டத்தை மாற்ற நாள் பிடிக்கும். விடைக்குறிப்பை மாற்ற நாள் பிடிக்காது. வரும் செமஸ்டர் நாவல் தாளின் விடைக்குறிப்பில் முதல் வரியாக இதைச் சேருங்கள்: 'இதில் இல்லாத கருத்தாக இருந்தாலும், நாவலிலிருந்து தகுந்த இடத்தைச் சுட்டி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் வழங்கலாம்.' மாதிரி வினாக்கள் வேண்டுமென்றால் இந்த மூன்று நாவல்களுக்கும் எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

மரியாதையுடன்,
தமிழ் ஆசிரியர் ஒருவர்