எடுத்த கல்லைத் திரும்ப வைத்துவிட்டு வந்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் பெரம்பலூர் பக்கத்துச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் கும்பிடப் போயிருந்தோம். வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் அங்கே நடை திறப்பார்கள் என்பதால் லால்குடியில் இருந்து விடியுமுன்பே பைக்கில் கிளம்பிவிட்டோம். தரிசனம் முடிந்து டீ குடிக்கும்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. டீக்கடைக்காரர், "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, சாத்தனூர் கல்மரம் பாத்திருக்கீங்களா?" என்றார். 31 வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்த நான் அதைப் பார்த்ததே இல்லை. "ஏறு, போயிட்டு வந்துடலாம்" என்றார் இவர்.

பருத்தியும் மக்காச்சோளமும் போட்ட காடுகளுக்கு நடுவே மூன்று இடத்தில் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். வெட்டிச் சாய்த்த பனைபோலக் கிடக்கிறது அந்த மரம். 18 மீட்டருக்கு மேல் நீளம், முழுக்கக் கல். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த இடம் கடல். ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரம் கடலடிச் சேற்றில் புதைந்து, அதன் நாரெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக மாறியிருக்கிறது. இன்றைக்குக் கடலைப் பார்க்க அங்கிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டர் போகவேண்டும். 1940-இல் இதை உலகுக்குச் சொன்னவர் தஞ்சாவூர்க்காரரான எம்.எஸ்.கிருஷ்ணன். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் அவர். கல்மரத்துக்கு வேலி இருக்கிறது, காவல் இருக்கிறது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

நான் எழுத வந்தது காரை என்ற பக்கத்து ஊரைப் பற்றி. சாத்தனூரில் ஒருவர் சொல்லித்தான் அங்கே போனோம். மழை அறுத்து அறுத்து ஓடைகளாக்கிய களிமண் பூமி. பழுப்பும் மஞ்சளுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் மேடுபள்ளம். ஒரு செடி நிழல்கூட இல்லை. மண்ணில் ஜிப்சம் துண்டுகள் கண்ணாடிச் சில்லுபோல மின்னுகின்றன. இவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். உள்ளங்கை அகலம்கூட இல்லை. சுருள் சுருளாக நத்தை ஓடு மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் சீப்புப் பல் போல வரிகள். கல்லாகிப்போன அம்மோனைட் என்ற கடல்வாழ் உயிர் அது. டைனோசர் அழிந்த காலத்தோடு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பூண்டோடு போய்விட்டது. பூஜையில் வைக்கிற சாளக்கிராமமும் இதே இனத்தின் சுவடுதான் என்று நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பேரனுக்குக் காட்டலாம் என்று இவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் இரண்டு கட்டைப்பை நிறையக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒருவர், "மீன் தொட்டிக்குப் போட நல்லா இருக்கும்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்படி ஒரு கல் பாறையின் எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்லமுடியும். 1860-களிலேயே பிளான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் இந்தப் பாறைகளை அடுக்கடுக்காகப் பிரித்து எழுதியது கற்கள் கிடந்த இடத்தில் கிடந்ததால்தானே? இடம் மாறிவிட்டால் மீன் தொட்டியில் கிடக்கும் வெறும் கூழாங்கல் அது. புதிதாக முளைக்கவும் முளைக்காது.

இவர் ஒரு வார்த்தை பேசாமல் பழைய இடத்துக்கு நடந்து, கல் பதிந்திருந்த குழியைத் தேடி, அதிலேயே வைத்தார். அந்தப் பெரியவரிடமும் போய்ச் சொன்னோம். ஒரு பையை மட்டும் கொட்டினார்.

காரைக்கு வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லை எடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்கள் வேனை விட்டு இறங்குமுன்பே இதைச் சொல்லிவிடுங்கள். சாத்தனூர் மரத்துக்கு இருப்பதுபோல இங்கேயும் ஒரு காவலாளும், தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகையும் வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

பரீட்சை முடிந்ததும் பேரனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறோம். அந்தக் குழி எங்கே என்று இவர் அடையாளம் வைத்திருக்கிறார்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, லால்குடி