நரியைப் பார்த்தால் பீதி எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கோவைப் பதிப்பில் 'குடியிருப்புக்குள் நரி, பொதுமக்கள் பீதி' என்று படத்தோடு ஒரு செய்தி வந்திருந்தது. பொள்ளாச்சி ரோட்டில் புதிதாக சைட் போட்ட ஒரு இடத்தில், விடியக்காலம் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒரு நரி நடந்துபோவதை சிசிடிவி கேமரா பிடித்திருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். யாரையும் கடிக்கவில்லை, ஒரு கோழியைக்கூடத் தூக்கவில்லை, ஆனால் செய்தியைப் படித்தால் புலி வந்து வாசலில் படுத்திருந்த மாதிரி இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம், ஊர் பெயர், லேஅவுட் பெயர், எத்தனையாவது தெரு என்பது வரைக்கும் அச்சடித்துவிட்டீர்கள். அன்று சாயங்காலமே நாலைந்து பைக்கில் பையன்கள் நாய்களையும் கூட்டிக்கொண்டு வந்து புதர் புதராகக் கலைத்துப் பார்த்தார்களாம், அங்கே குடியிருக்கும் என் தங்கை போனில் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சும் காலையில் பிரிக்கிற பேப்பரும் தமிழில், இப்படித்தான் எல்லையோரத்தில் எங்கள் பிழைப்பு. இங்கே தென்னந்தோப்புகளில் இருட்டுகிற நேரத்தில் நரி ஊளை கேட்பது ஒன்றும் அதிசயம் இல்லை. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று ஆரம்பித்தால் அந்தப் பக்கம் இன்னொன்று எடுத்துக்கொள்ளும், அப்புறம் ஊர் நாய்கள் சேர்ந்துகொள்ளும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். 'நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி' என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததும் இந்த மாதிரி பழக்கத்தில்தான்.

உங்கள் செய்தியில் 'குள்ளநரி' என்று போட்டிருக்கிறது. படத்தில் இருப்பது குள்ளநரி கிடையாது, பெரிய நரி. கால் உயரமும் உடம்பும் நாட்டு நாய் அளவுக்கு இருக்கிறது, வால் குட்டையாகப் பின்னங்கால் முட்டியோடு நின்றுவிடுகிறது. இந்த நரி ஏழு எட்டு கிலோவிலிருந்து பத்து கிலோ வரைக்கும் வரும், கூட்டாக ஊளையிடுவதும் இதுதான். குள்ளநரி இரண்டு, மூன்று கிலோதான் இருக்கும், நல்ல வளர்ந்த பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. மூஞ்சி கூராக, காது பெரிதாக, கால் குச்சி குச்சியாக இருக்கும். வாலைப் பார்த்தாலே தெரிந்துவிடும், உடம்பு நீளத்தில் பாதிக்கு மேல் புசுபுசுவென்று, நுனி மட்டும் மை தொட்ட மாதிரி கறுப்பாக. அது ஊளையிடாது, வள் வள்ளென்று சின்னதாகக் கத்தும்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், இரண்டும் பிழைக்கிற இடம் வேறு. பெரிய நரி தோப்பு, கரும்புக்காடு, ஆத்தோரம், லேஅவுட் என்று எங்கேயும் சமாளித்துக்கொள்ளும். குள்ளநரிக்குத் திறந்த மேட்டுக்காடு வேண்டும், மேய்ச்சல் தரிசு வேண்டும், அது இப்போது வேகமாக சைட்டாகிக்கொண்டிருக்கிறது. என் அத்தை வீட்டு மானாவாரிக் காட்டில், கிளுவை வேலி முடிகிற இடத்தில் உள்ள பழைய வரப்பில் ஒரு வளை இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், காரணம் உங்களுக்கே தெரியும். ஒரு வளைக்கு நாலைந்து வாய், ஒவ்வொரு வாயின் முன்னாலும் சலித்துப் போட்ட மாதிரி பொடிமண். பக்கத்தில் கிடக்கும் புழுக்கையைக் குச்சியால் கிளறினால் வண்டு இறக்கையும் இலந்தைக் கொட்டையும் எலி மயிரும்தான் இருக்கும். மாசி, பங்குனியில் போனால் குட்டிகள் வெளியே வந்து ஒன்றின் வாலை ஒன்று கடித்து உருண்டுகொண்டிருக்கும். தாய் மட்டும் தள்ளி நின்று தலையைச் சாய்த்து மண்ணுக்குள் காது கொடுக்கும், அப்படியே எகிறி முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஊன்றி எலியை அமுக்கும். ஓடும்போது வால் உடம்புக்கு நேராகக் கிடக்கும், சட்டென்று திரும்பும்போது மட்டும் மேலே தூக்கிக்கொள்ளும். முதல் மழை விழுந்து ஈசல் கிளம்பினால் அன்றைக்கு அதற்கு விருந்து. நிலக்கடலை போடுகிறவர்களுக்கு எலி என்ன செய்யும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, அந்த எலியைக் காசு வாங்காமல் பிடித்துத் தருகிற ஜீவன் இது.

எங்கள் பக்கம் இன்னொரு பேச்சும் உண்டு. நரி குறைந்துபோனதால்தான் மயில் இப்படிப் பெருகி, தக்காளியையும் நெல் நாற்றையும் கொத்தித் தின்கிறது என்று டீக்கடையில் எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். மயில் தரையில் முட்டை வைக்கும், நரி அதைத் தின்னும், அந்தமட்டில் சரி. ஆனால் பாலக்காடு மாவட்டத்திலேயே சூலனூரில் மயிலுக்கென்று தனியாக ஒரு சரணாலயம் இருக்கிறது, காடுகழனி தரிசாகிப் புதர் மண்டுவதும் மயிலுக்கு வசதிதான், எல்லாப் பழியையும் நரி இல்லாததன் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம், மயிலைத் திட்டுகிற அதே ஆள்தான் நரியைக் கண்டாலும் கம்பைத் தூக்குகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று செய்தியில் ஒரு வரிகூட இல்லை. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தியபோது நரி, குள்ளநரி இரண்டையும் முதல் அட்டவணைக்கு மாற்றிவிட்டார்கள், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. பிடித்தாலோ கொன்றாலோ மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை ஜெயில், 25,000 ரூபாய்க்குக் குறையாமல் அபராதம். சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரியை, அதாவது இதே குள்ளநரியை, பிடித்துவந்து ஊருக்குள் ஓடவிடுகிற வழக்கத்துக்கே வனத்துறை அபராதம் போட்டிருக்கிறது. நரி முகத்தில் முழித்தால் நல்லது என்று ஒரு நம்பிக்கை, சரி, நரியை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு முழிக்கக் கூடாதா? நரிக்கொம்பு என்று தாயத்தில் கட்டி விற்கிறவனையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நரிக்குக் கொம்பே கிடையாது, விற்கிறவனுக்கும் அது தெரியும்.

பயப்படவேண்டியது எது என்றும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் நரிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பீர்கள். நரிக்கும் வெறிநோய் வரும். பட்டப்பகலில் ஆளைக் கண்டும் விலகாமல் தள்ளாடிக்கொண்டு நேராக வந்தால், எச்சில் ஒழுகினால், பக்கத்தில் போகாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடவேண்டும். கடித்துவிட்டால் மஞ்சள் தூள், சுண்ணாம்பு என்று எதையும் அப்பக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். சாதாரணமாக விடியலிலோ அந்தியிலோ ஓரமாகப் போகிற நரி நம்மைப் பார்த்தவுடன் தானே நழுவிவிடும்.

அந்த நோய் நரிக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் நாயிடம்தான் போய் நிற்கும். எல்லையோரம் ராத்திரியில் வண்டி வண்டியாகக் கோழிக்கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். இதில் எங்கள் கேரளப் பக்கத்து ஆட்களும் யோக்கியம் இல்லை. அந்தக் கழிவைத் தின்று நாய்க்கூட்டம் பெருகுகிறது. அந்த நாய்கள் குள்ளநரியைத் துரத்திக் கடித்துப் போடுகின்றன, வெறிநோயையும் டிஸ்டெம்பர் என்கிற நாய்த் தொற்றுநோயையும் சேர்த்தே கொடுக்கின்றன. நரியும் அதே குப்பைக்கு வரப் பழகிவிட்டால் கேமராவில் சிக்கத்தான் செய்யும். லண்டனில் இருக்கும் என் மச்சான் மகன் வீட்டுத் தோட்டத்தில் பகலிலேயே நரி வந்து வெயில் காய்கிறதாம், வீடியோ அனுப்பினான். அது செந்நரி, வேறு இனம், அங்கே யாரும் அதைக் கண்டு அலறுவதில்லை. ஆனால் அந்த நாட்டிலேயே பிரிஸ்டல் நகரத்தில் 1994-ல் சொறிநோய் வந்து, சில வருடங்களுக்குள் நரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் செத்துப்போயின. அவ்வளவு நெருக்கமாக இருந்தால் நோய் அப்படித்தான் பரவும். அதனால் பாவம் என்று சோறு வைக்கிற வேலையும் வேண்டாம், குப்பையை மூடிவைத்து, ராத்திரியில் கோழியைக் கூண்டில் அடைத்தாலே போதும்.

எனவே ஆசிரியர் அவர்களே, இனிமேல் இப்படிப் படம் கிடைத்தால் தாலுகா பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தெருப் பெயர் வேண்டாம். குட்டி, வளை இருக்கிற இடத்தை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். நரியா குள்ளநரியா என்று வனத்துறையில் ஒருவரைக் கேட்டுப் போடுங்கள், 'பீதி' என்ற சொல்லை நிஜமாகவே யாராவது பயந்தால் மட்டும் எடுங்கள். இடம், நேரம், வண்டி நம்பர் எல்லாம் விவரமாகப் போட்டே தீரவேண்டும் என்றால் கோழிக்கழிவு கொட்டுகிற லாரிகளைப் போடுங்கள், அதற்கு வேண்டிய படத்தை நானே அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை