அயர்லாந்தின் கிளேர் வரை கைபிடித்து அழைத்துப் போனவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சென்னை, பரங்கிமலை, திருச்சி, போத்தனூர்ப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றின் அயர்லாந்து வேரைத் தேடும் வேலை ஒருவழியாகக் கரை சேர்ந்திருக்கிறது. "எங்க தாத்தாவோட தாத்தா ஐரிஷ்காரர்" என்ற ஒற்றை வரியில் தொடங்கி, இன்ன கவுண்டி (மாவட்டம்), இன்ன பங்கு, இன்ன டவுன்லேண்ட் (மிகச் சிறிய நில அலகு) என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவது வரை பலர் கை கொடுத்தார்கள். பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்ததைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். அடுத்துத் தேடப் புறப்படுகிறவர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி, பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்துகாட்டிய வீட்டுப் பெரியவர்களுக்கு. அயர்லாந்து ஆவணங்கள் எல்லாமே இடவாரியாக அடுக்கப்பட்டவை. ஊர் தெரியாமல் 'ஜான் ரயன்' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும், ஒன்றும் தேறாது. ஊர்ப்பெயர் கிடைப்பது பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பியவர் போய்ச் சேர்ந்த நாட்டில்தான். படை விடுவிப்புத் தாள், குடும்ப பைபிளின் முதல் பக்கம், புகைப்படத்தின் பின்புறம், கல்லறைக் கல் என்று எதையும் ஒதுக்காமல் எடுத்து வைத்தார்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாமல் இருந்தபடியே படம் எடுத்து அனுப்பியது அதைவிடப் பெரிய உதவி. யாரோ ஒரு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரை நாம் 'சரி' செய்துவிட்டால், அந்த ஒலி தந்த துப்பும் போய்விடும்.

கல்லறைப் பதிவேடுகளைப் புரட்ட அனுமதித்த பங்கு அலுவலகங்களுக்கும் நன்றி. சிப்பாயின் அடக்கப் பதிவில் சொந்த ஊர் இருப்பது அபூர்வம். ஆனால் எந்தப் படைப்பிரிவு என்பது இருக்கும், சில சமயம் படை எண்ணும் இருக்கும். அடுத்த கதவுக்குச் சாவி அதுதான்.

அந்தக் கதவைத் திறந்தவர்கள் லண்டனில் இருக்கும் தன்னார்வலர்கள், குறிப்பாக பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களை ஆராயும் ஃபிபிஸ் சங்கத்தார். நாம் தேடும் சிப்பாய் அரசரின் படையா, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையா என்பதை முதலில் பிரித்துத் தந்தார்கள். இதில் சறுக்குபவர்கள் ஏராளம். அரசப் படையினரின் ஓய்வூதியத் தாள்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூஓ 97 என்ற வரிசையில் கிடக்கின்றன. கம்பெனிப் படையினரின் ஆள்சேர்ப்பு, கப்பலேற்றப் பட்டியல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. மெட்ராஸ் படைக்குத் தனி வரிசையே உண்டு. கம்பெனியின் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் 1862இல் அரசப் படையின் 102ஆம் ரெஜிமெண்ட் ஆனது, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாளம் ஆனது. ஆகவே 1860களைத் தாண்டிப் பணி செய்தவர் என்றால் இரண்டு இடத்திலும் பார்த்தாக வேண்டும்.

டபிள்யூஓ 97 தாளில் ஒரு அச்சிட்ட வரி உண்டு: இன்ன பங்கில், இன்ன ஊரில் அல்லது அதன் அருகில், இன்ன கவுண்டியில் பிறந்தவர். மூன்று கோடிட்ட இடங்களும் நிரம்பியிருந்தால் பாதி வேலை முடிந்தது. 'அருகில்' என்ற சொல்லைக் கவனிக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. அங்கே எழுதியிருப்பது பல நேரம் பக்கத்துச் சந்தை ஊர்தான். இதேபோல கார்க், குவீன்ஸ்டவுன் என்று வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படுவது, கப்பல் ஏறிய துறைமுகமாக மட்டும் இருக்கக்கூடும்.

என்னிஸில் உள்ள கிளேர் கவுண்டி நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவினருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். அயர்லாந்தின் நில அடுக்கைப் புரியவைத்தது அவர்கள்தான். கவுண்டிக்குள் பேரனி என்ற பழைய உட்பிரிவு, அதனுடன் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் சிவில் பேரிஷ் (அரசுக் கணக்கில் வரும் பங்கு), எல்லாவற்றுக்கும் அடியில் டவுன்லேண்ட். நம் வருவாய்க் கிராமம் போன்ற கணக்கு அலகு இது. தேசமெங்கும் 60,000க்கும் மேல். சில ஏக்கர் அளவே உள்ளதும் உண்டு, ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரந்ததும் உண்டு. கத்தோலிக்கப் பங்கின் எல்லை சிவில் பேரிஷின் எல்லையோடு ஒத்துப்போகாது, பெயரும் வேறாக இருக்கலாம். 1864க்குப் பிந்தைய பிறப்புப் பதிவு அட்டவணையில் காணும் ஊர்ப்பெயரோ மாவட்டப் பதிவகத்தின் பெயர். அதையே சொந்த ஊர் என்று குடும்ப மரத்தில் எழுதிவைத்தவர்கள் இணையத்தில் கொட்டிக்கிடக்கிறார்கள்.

ஒரு தாளில் 'கில்மரி, கிளேர்' என்று இருந்தால் போதும் என்று தோன்றும். போதாது. கிளேரிலேயே அந்தப் பெயரில் மூன்று சிவில் பேரிஷ்கள்: இப்ரிக்கன் பேரனியில் கில்மரி இப்ரிக்கேன், குளோண்டரலா பேரனியில் கில்மரி மக்மஹோன், லோயர் பன்ராட்டியில் கில்மரி நெகால். முதலாவது அட்லாண்டிக் கரையில், இரண்டாவது ஷானன் முகத்துவாரத்தை ஒட்டி, மூன்றாவது கிழக்கே தள்ளி. எது என்பதை ஊர்ப்பெயர் தீர்க்காது. மனைவியின் குடும்பப்பெயர் தீர்க்கும். தகப்பன் குடும்பப்பெயர், தாய் பிறந்த வீட்டுப் பெயர் இரண்டும் ஒரே பங்கில் சேர்ந்து வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். கிரிஃபித் மதிப்பீட்டில் (நிலம், வீடு வைத்திருந்தவர்களின் வரி மதிப்பீட்டுப் பட்டியல்) இரண்டையும் தனித்தனியாகத் தேடி, எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது என்று பார்ப்பதே வழி. தேடும்போது மக்மஹோனோடு மஹோனையும், ஓபிரையனோடு பிரையனையும் சேர்த்தே தேட வேண்டும். அந்த 'மக்', 'ஓ' எல்லாம் ஒரே குடும்பத்திலேயே வரும், போகும்.

கிரிஃபித் மதிப்பீடு 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக வெளிவந்தது. 'ஆஸ்க் அபவுட் அயர்லாந்து' தளத்தில் வரைபடத்தோடு இலவசம். அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு நன்றி. முதல் நெடுவரிசையில் உள்ள எண் நிலத்துண்டைக் குறிக்கும். அதையடுத்த பெரிய எழுத்து அதே குத்தகை நிலத்தின் உட்பிரிவு, சின்ன எழுத்து வீடு. அந்த எண்ணும் எழுத்தும் வரைபடத்திலும் இருக்கும். ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயர்க்காரர் இருவர் இருந்தால், அடைப்புக்குறிக்குள் தகப்பன் பெயரோ பட்டப்பெயரோ போட்டிருப்பார்கள். நாம் தவறவிடக் கூடாத தங்கத்துண்டு அது. பெயர் இல்லை என்பதால் ஆள் அங்கே இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. குடித்தனத் தலைவர் பெயர் மட்டுமே அதில் வரும். பிறர் வீட்டில் தங்கிய கூலிக்காரர் வரமாட்டார். பஞ்ச காலத்தில் கிளம்பியவரைத் தேடினால் அவர் இருக்கமாட்டார், அண்ணனோ பெரியப்பாவோ இருப்பார். அதற்குப் பின் அந்த நிலம் யார் கைக்குப் போனது என்பதை டப்ளின் மதிப்பீட்டு அலுவலகத்தின் திருத்தப் புத்தகங்கள் காட்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வேறு வண்ண மை, ஓரத்தில் ஆண்டு. வண்ணம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்பு வெள்ளை நகலை மறுத்து, வண்ணத்தில் எடுத்து அனுப்பிய புண்ணியவான் எங்கிருந்தாலும் வாழ்க.

1922 ஜூன் 30இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் சிற்சில துண்டுகள் தவிர மற்றெல்லாம் போயின. 1861, 1871 தாள்களை அரசே அதற்கு முன்பே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது கூழாக்கப்பட்டன. முழுமையாக மிஞ்சியவற்றில் பழையவை 1901, 1911 மட்டுமே. ஆனால் அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒருவர் எங்களைத் திருப்பிவிட்ட 'பச்சைப் படிவங்கள்' இந்த இழப்பில் ஒரு சின்ன ஓட்டையை அடைத்தன. 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் வழங்கத் தொடங்கினார்கள், வயது 70. அந்த வயதுக்காரர்கள் பிறந்தபோது அரசுப் பிறப்புப் பதிவே கிடையாது. ஆகவே 1841, 1851 கணக்கெடுப்பில் தேடிப் பார்த்துச் சான்று தந்தார்கள். கணக்கெடுப்பு எரிந்துவிட்டது, தேடல் படிவம் தப்பிவிட்டது. அதில் விண்ணப்பதாரர் பெயர், தாய் தந்தை பெயர், கவுண்டி, பேரனி, பேரிஷ், டவுன்லேண்ட் எல்லாம் இருக்கும். 'கிடைக்கவில்லை' என்று முடிந்த படிவமானாலும் பெற்றோர் பெயரும் ஊரும் கைக்கு வந்துவிடும். நம் சிப்பாய் பெயரில் தேடாதீர்கள், ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி தங்கை பெயரில் தேடுங்கள்.

திருமுழுக்குப் பதிவேடுகளைச் சரிபார்த்த நண்பர்களுக்கு நன்றி. அயர்லாந்தின் தேசிய நூலகம் 1880 வரையிலான கத்தோலிக்கப் பதிவேடுகளை 2015இல் இணையத்தில் இலவசமாக ஏற்றியது. பெயர் அட்டவணையைத் தனியார் நிறுவனங்கள் மறு ஆண்டில் போட்டன. அட்டவணையை நம்பி நிறுத்தாமல் பக்கம் பக்கமாகப் பார்த்தால்தான் கிடைக்கும். லத்தீனில் ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்', வில்லியம் 'குலியெல்முஸ்'. டெர்மட்டும் டார்பியும் ஜெரிமையாவும் ஒரே ஆளாக இருக்கலாம். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயரைக் குறிக்காமல் விடாதீர்கள், அவர்கள் பெரும்பாலும் அத்தை, மாமன். திருமணம் வழக்கமாகப் பெண் வீட்டுப் பங்கில் நடக்கும். தலைப்பிள்ளையின் திருமுழுக்கும் அங்கேயே இருப்பதுண்டு. மாப்பிள்ளை ஊர்ப் பதிவேட்டில் இல்லையே என்று கைவிரிக்கும் முன் அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். 1864க்குப் பிறகு, பிறப்பதற்கு முன்பே திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளைக் காண்பீர்கள். பயப்பட வேண்டாம். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்று அப்பன்மார் பிறந்த தேதியைத் தள்ளிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் துப்பு அறுந்துபோன குடும்பங்களுக்கு வேறு கண்டங்களிலிருந்து வழி திறந்தது. நியூ சவுத் வேல்ஸுக்கு அரசுச் செலவில் போனவர்களின் பட்டியல்களில் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் இருக்கும். பாஸ்டன் பைலட் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை வந்த 'காணாமல் போன நண்பர்கள்' விளம்பரங்களில் பங்கும் டவுன்லேண்டும் அடிக்கடி வரும். அவற்றை எங்களுக்காகத் தோண்டிய ஆஸ்திரேலிய, அமெரிக்க உறவுக்காரர்களுக்கு நன்றி.

டிஎன்ஏ சோதனைக்கு உமிழ்நீர் கொடுத்த பாட்டிமார்களுக்கும் நன்றி. ஒரு தலைமுறை மூத்தவர் கொடுத்தால் பொருத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும். நான்காம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவில் பாதிப் பேர் பொருத்தமே காட்டமாட்டார்கள். ஆகவே பொருந்தவில்லை என்பதை மறுப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. 20 சென்டிமார்கனுக்கு (டிஎன்ஏ பொருத்தத்தை அளக்கும் அலகு) கீழே உள்ளதை வைத்து ஊரைத் தீர்மானிக்கவும் கூடாது. காகிதம் முன்னே போக, டிஎன்ஏ பின்னே வந்து தலையசைக்க வேண்டும்.

கடைசியாக, மழையில் நின்று பாசி படிந்த கல்லறை எழுத்துகளைச் சாய்வு வெளிச்சத்தில் படித்து அனுப்பிய மேற்குக் கிளேர் ஊர்க்காரர்களுக்கு நன்றி. கல்லைச் சுரண்டாமல், ரசாயனம் போடாமல், பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் படித்தார்கள். அவர்கள் வாசிப்பில் ஐயம் தோன்றிய எழுத்துகளை நாங்கள் அப்படியே கேள்விக்குறியோடு வைத்திருக்கிறோம். படியெடுத்த பட்டியல்களின் நகல் என்னிஸ் நூலகத்துக்கும் இங்குள்ள பங்கு அலுவலகங்களுக்கும் இந்த மாதமே போகிறது. திருத்தம் இருந்தால், எந்தத் தாளில், எந்த வரியில் என்று குறித்து எழுதுங்கள்.

நன்றியுடன்,
தேடல் குழுவினர், சென்னை