எண்ணை மட்டும் வாசிக்காதீர்கள்: தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் உங்கள் திரையின் அடியில் ஒரு வரி ஓடத் தொடங்கும்: ‘துறைமுகங்களில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்.’ மூன்று என்றால் என்ன என்று நீங்கள் சொல்வதில்லை. எண் கூடினால் பின்னணி இசையும் கூடும், அவ்வளவுதான். இந்தக் கூண்டு யோசனையைக் கரைக்குக் கொண்டுவந்த மனிதரைப் பற்றிச் சொன்னால் என் ஆதங்கம் உங்களுக்குப் புரியலாம்.

ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1805இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1828இல் பீகிள் கப்பலின் கேப்டன் மெகல்லன் நீரிணையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்துபோக, இருபத்து மூன்றே வயதான இவர் கையில் கப்பலைக் கொடுத்தார்கள். டார்வினை உலகம் சுற்றிக் காட்டியது பின்னாளில் இதே கப்பல், இதே கேப்டன். நம் பாடப்புத்தகம் கப்பலின் பெயரோடு நின்றுவிடும்.

பொறுப்பேற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 1829 ஜனவரியில் கப்பல் உருகுவேயின் மால்டொனாடோவை நெருங்கிக்கொண்டிருந்தது. காற்றழுத்தமானியில் பாதரசம் இறங்கிக்கொண்டே வந்தது. இளம் கேப்டன் அதை உரிய அளவுக்குப் பொருட்படுத்தவில்லை. ‘பாம்பெரோ’ என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் சூறைக்காற்று அடித்த அடியில் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது, பாய்மரங்களின் மேல்தண்டுகள் முறிந்தன, மாலுமிகள் இருவர் கடலோடு போனார்கள். அந்த இரண்டு பேரை அவர் மறக்கவேயில்லை என்றுதான் அவருடைய பின்வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

இடையில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். பிறகு நியூசிலாந்து ஆளுநர் பதவி; 1845இல் கசப்போடு திரும்ப வேண்டியதாயிற்று. முன்கோபக்காரர். 1860இல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் பைபிளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தன் பழைய சகபயணியின் கொள்கையை எதிர்த்தவர். அவரைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

1854இல் பிரிட்டிஷ் வணிக வாரியம் வானிலைக்கென்று ஒரு சின்ன அலுவலகம் திறந்து அவரை அமர்த்தியது. கப்பல்களின் குறிப்பேடுகளிலிருந்து புள்ளிவிவரம் தொகுப்பதுதான் கொடுத்த வேலை. 1859 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கத்தோடு லிவர்பூலுக்குத் திரும்பிய ‘ராயல் சார்ட்டர்’ கப்பல், வேல்ஸின் ஆங்கிள்சி கரையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் பாறையில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். ஓரிடத்தில் புயல் தெரிந்தால் தந்தி அதைவிட வேகமாக அடுத்த துறைமுகத்துக்கு ஓடுமே என்றார் ஃபிட்ஸ்ராய். 1861இல் எச்சரிக்கைகள் போகத் தொடங்கின.

தந்தி துறைமுக அலுவலகம் வரைதான் போகும். கடலில் நிற்கும் படகுக்கு யார் சொல்வது? கேன்வாஸ் துணியில் செய்த கூம்பையும் உருளையையும் கம்பத்தில் ஏற்றச் சொன்னார். கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்கிலிருந்து, கீழே பார்த்தால் தெற்கிலிருந்து கடுங்காற்று. உருளை ஏறினால் அடுத்தடுத்து வரும். இரவில் விளக்குகள். எழுத்தே தெரியாதவரும் தொலைவிலிருந்து படிக்கக்கூடிய மொழி அது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு லண்டன் டைம்ஸில் வந்தது. தவறியபோதெல்லாம் கேலி, வெளியிட்ட இதழே கேலி செய்தது. உடல்நலம் கெட்டு, சொத்தெல்லாம் கரைந்து, 1865 ஏப்ரல் 30 ஞாயிறு காலையில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஒரு குழு, இதற்கெல்லாம் அறிவியல் அடிப்படை போதாது என்று சொல்ல, கூம்புகளும் இறங்கின. கடலோடிகளும் துறைமுகத்துக்காரர்களும் விடவில்லை. 1867இல் எச்சரிக்கைகள் திரும்பின. பொது முன்னறிவிப்புக்கு 1879 வரை ஆனது.

நம் பக்கத்தில் 1864 அக்டோபர் புயல் கல்கத்தாவை நாசமாக்கிய பிறகு, அடுத்த ஆண்டே அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. நாகப்பட்டினத்தில் நான் பார்த்து வளர்ந்த கூண்டு அந்த வழியில் வந்ததுதான். என் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பேசாமல் வலையை மடித்துக் கட்டுமரத்தை மேட்டுக்கு இழுத்துவிடுவார்.

இப்போது உங்கள் ‘5ஆம் எண், 6ஆம் எண்’ விஷயத்துக்கு வருகிறேன். 1, 2 என்றால் புயல் சின்னம் தொலைவில், ஆழ்கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே அச்சுறுத்தல். 5க்கும் 6க்கும் உள்ள வேறுபாடு வலிமை அல்ல; துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் புயல் கடக்கும் என்பது. 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில். 8, 9, 10 அதே கணக்கில், இன்னும் கடுமையான புயலுக்கு. ஐந்தை இறக்கி ஆறை ஏற்றினால் ‘ஆபத்து அதிகரிப்பு’ என்று சிவப்பில் போடுகிறீர்களே, கடக்கும் பக்கம் மாறியிருக்கிறது என்பதுதான் அதன் செய்தி.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி அதன் பொருளைப் போடுங்கள். இந்தக் கார்த்திகையிலேயே தொடங்கலாம். 11ஆம் எண்ணையும் விட்டுவிடாதீர்கள். அது பத்தைவிடப் பெரிய புயல் அல்ல. புயல் எச்சரிக்கை மையத்தோடு துறைமுகத்துக்குத் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்படிக்கு,
நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வளர்ந்த ஒரு நேயர்