பிடித்த பணம் எங்கே நிற்கிறது?

ஆசிரியருக்கு,

பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர் பிள்ளைக்காகத் தரும் குழந்தைப் பராமரிப்புத் தொகை என்று பேச்செடுத்தாலே, "அவர் தரவில்லை" என்ற புகார்தான் முதலில் வரும். தந்த பணம் வந்து சேராமல் கிடப்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சம்பளச் சீட்டில் பிடித்தம் தெளிவாக இருக்கிறது, கொடுத்தவர் கொடுத்துவிட்டேன் என்கிறார், அது உண்மையும்கூட. ஆனால் பிள்ளையை வளர்ப்பவரின் வங்கிக் கணக்கில் ஒன்றும் இல்லை, அப்புறம் இரண்டு பேருக்கும் வீண் சண்டை.

அமெரிக்காவில் இதற்குச் சட்டத்திலேயே கெடு உண்டு. சம்பள நாளிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் வேலை கொடுத்த நிறுவனம் பிடித்த பணத்தை அனுப்ப வேண்டும், வந்து சேர்ந்ததும், அதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் அரசு அலுவலகமான மாநிலப் பட்டுவாடா மையம் 2 வேலை நாட்களுக்குள் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டும். திட்டு வாங்குவது என்னவோ அரசு அலுவலகம், தாராளமான அவகாசம் நிறுவனத்துக்கு! அந்த 2 நாள் கெடுவும், பணம் யாருக்கு என்ற விவரம் சரியாக இருந்தால்தான் செல்லும். பத்து ஊழியர்களின் பிடித்தத்தை ஒரே காசோலையாகப் போட்டு, ஒருவருடைய வழக்கு எண்ணை விட்டுவிட்டால் போதும், அவர் பிள்ளைக்குரிய பணம் யாராவது தேடிக் கண்டுபிடிக்கும் வரை அங்கேயே கிடக்கும்.

சம்பளம் போடும் அன்றே, வழக்கு எண்ணோடு, மின்னணு முறையில் அனுப்புவதைக் கட்டாயமாக்கினால் என்ன? ஊழியருக்குச் சம்பளம் நொடியில் போகிறதே! பிடித்த அன்றே பெறுபவருக்கு ஒரு குறுஞ்செய்தியும் போகட்டும், பணம் எங்கே நிற்கிறது என்று யாரைக் கேட்பது என்பதாவது தெரியும்.

- ஒரு வாசகர்