கல்லில் பொறிக்காத வசனம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லறைத் திருநாளை ஒட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நவம்பர் 2ஆம் தேதி கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் கூடும் கூட்டத்தையும், வாசலில் மாலையும் மெழுகுவர்த்தியும் விற்பவர்களையும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இந்த வருடம் நானும் நின்றேன். உள்ளே உறங்கும் பெண்களைப் பற்றி இரண்டு வரி இருந்திருக்கலாமே என்று பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மனைவி போன வருடம் லெந்து எனும் தவக்கால நாட்களில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். கீழ்ப்பாக்கத்தில் புதிதாக இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது சென்னைக் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். என் தாயாரின் கல்லறையைத் திறந்து அதிலேயே அவளையும் அடக்கம் செய்தோம். ஏழு வருடம் படுக்கையில் கிடந்த மாமியாரைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டிவிட்டவள் அவள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கல்லில் என்ன வசனம் போடுவது என்று கேட்டபோது, பெண்கள் என்றால் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் 10ஆம் வசனம்தான் என்று கல் வெட்டுகிறவரே சொல்லிவிட்டார். குணசாலியான ஸ்திரீ, முத்துக்களைவிட விலை உயர்ந்தவள். அடக்க ஆராதனையில் ஆயரும் அதைத்தான் வாசித்தார். பிள்ளைகளும் அதுவே இருக்கட்டும் என்றார்கள். சரி என்றேன். ஆனால் அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போனால்தான் அவள் வருகிறாள். இருட்டோடே எழுந்திருப்பதைச் சொல்லும் 15ஆம் வசனம், ஏழைகளுக்குக் கரம் நீட்டுவதைச் சொல்லும் 20ஆம் வசனம்.

அவள் தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரத்துக்காரி. 192 அடி கோபுரம் உள்ள அந்த ஊர்க் கோயிலில் 1978இல் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் எனக்கு வேலை, அயனாவரத்தில் குடித்தனம். நாலு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவாள். முதலில் ஜெபம், அப்புறம்தான் அடுப்பு. உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பழைய பிஸ்கட் டின்னில் போடுவாள். மாசக் கடைசியில் வீட்டு அரிசி தீர்ந்து கடன் வாங்கிய நாட்களிலும் அந்த டின்னைத் தொடவிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அங்கிருந்து சபையின் விதவைகளுக்குப் போகும்.

நான் அப்போது கோயிலுக்குப் போகிறவன் இல்லை. சபைத் தகராறு ஒன்றில் மனம் கசந்து நின்றுவிட்டேன். அவள் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவாள், திரும்பி வந்து எனக்குச் சோறு போடுவாள். ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஆராதனை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம், காசிமேட்டு ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களாம் என்றாள். மீதமிருந்த முந்திரிக்கொத்து, அதிரசம், முறுக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். பீரோவைத் திறந்து முந்தின நாள் ஒரே ஒரு தடவை கட்டிய கிறிஸ்துமஸ் புடவையை எடுத்து மூட்டையின் மேலே வைத்தாள். "நல்லதா ஒண்ணு குடுக்கணும்ங்க, இந்த மூட்டைய மட்டும் தூக்கிட்டு வாங்க" என்றாள். தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஈரப் பாவாடையோடு நின்ற ஒரு சின்னப் பெண்ணுக்குத் தலை துவட்டிவிட்டு அந்தப் புடவையை மடித்துச் சுற்றிவிட்டாள். அடுத்த ஞாயிறு நானாகவே சட்டையை மாற்றிக்கொண்டு அவள் பின்னால் கோயிலுக்குப் போனேன். அன்றும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு பீரோவில் அவளுடைய ஜெபக் குறிப்புகள் கிடைத்தன. வருடா வருடம் நான் கொடுத்த டைரிகள்தான். வேண்டுதலை நீல மையில் எழுதி, கர்த்தர் கேட்டுவிட்டால் எதிரே சிவப்பு மையில் டிக் போட்டுத் தேதி குறித்திருக்கிறாள். எதிர்வீட்டு பாய் மகளுக்குச் சுகப்பிரசவம். பால்காரர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மாடிவீட்டுப் பையன் பிளஸ் டூ. 1993 டைரியின் முதல் பக்கத்தில், 'அவர் கோயிலுக்கு வரணும்.' அடுத்த வருடமும் அதே வரி, அதற்கடுத்த வருடமும். 2004 டைரியில் அந்த வரிக்கு எதிரே சிவப்பு டிக், 2-1-2005. அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க என்னால் யாரிடமும் பேச முடியவில்லை.

இப்போது காலையில் அந்த டைரிகளை வைத்துக்கொண்டு நான் ஜெபிக்கிறேன். சில பேர் யாரென்றே தெரியாது. பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன், அவருக்குத் தெரியும். அவள் கடைசியாக எழுதியிருப்பது எங்கள் தெருப் பூக்காரம்மாவின் முழங்கால் வலி. கல்லறைத் திருநாளுக்குப் பூ வாங்கும்போது கேட்டேன். இப்போது பரவாயில்லை, படி ஏற முடிகிறது என்றார். வீட்டுக்கு வந்து சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து நானே டிக் போட்டுத் தேதி எழுதினேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
அயனாவரம், சென்னை - 23.